வகுப்புக்கு எடுத்துப்போன நாவல்கள், பீரோவில் விட்டுவைத்த நாவல்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு இரும்பு பீரோக்கள். வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை கால அட்டவணையில் உண்டு. பல வருடமாக அது கணக்குப் பாடத்துக்கோ தேர்வுத் தயாரிப்புக்கோ போய்விடும். ஒரு ஜூன் மாதம் நான் பிடிவாதமாக அதைத் திரும்ப வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் எதை வாசிப்பது என்று எனக்கே தெரியவில்லை என்பது.

பீரோவைத் திறந்தால் தலைவர்கள் வரலாறு, பொது அறிவு, பழமொழிக் கதைகள். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்று கதைப்புத்தகம் ஐந்தாறு தேறினால் அதிகம். குறை பீரோவில் மட்டும் இல்லை. தமிழில் சிறார் கதைகள் ஏறக்குறைய பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் பிள்ளை நேராகப் பெரியவர்களின் நாவலுக்குத்தான் தாவ வேண்டும். ஆகவே என் பட்டியலில் இரண்டும் கலந்தே இருந்தன. ஒருபக்கம் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற சிறார் நாவல்கள்: எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023). இன்னொரு பக்கம், பெரியவர்களுக்காக எழுதப்பட்டு நடுவில் ஒரு பையனோ பெண்பிள்ளையோ நிற்கும் நாவல்கள்: பூமணியின் ‘வெக்கை’, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’.

முதலில் எடுத்தது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. சின்னப் புத்தகம், இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். கேள்வி கேட்டதற்காகத் தொடர்ந்து அடிபடும் ஒரு மாணவி, அடி உறைக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிற கதை. பி.எட். படிக்கும்போது வாசித்து அழுதிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கிருந்த காரணம் அந்த அழுகை ஒன்றுதான். இப்போது யோசித்தால் அது போதாத காரணம் என்று தெரிகிறது.

முடிவை நெருங்கும்போது மணி அடித்துவிட்டது. அவசர அவசரமாகக் கடைசிப் பக்கங்களை வாசித்து முடித்தேன். பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அடுத்த பாடவேளை அறிவியல். அந்த வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சார், அடிச்சா வலிக்காம இருக்க நெசமாவே மருந்து இருக்கா சார்?” என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கையில் பிரம்பு வைத்திருந்த அந்த ஆசிரியருக்கு அது தன்னைக் குத்தும் பேச்சாகப் பட்டிருக்கிறது. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

அடிப்பது தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அதைத் தெளிவாகத் தடை செய்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என்ன வாசிக்கப்போகிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதையைச் சொல்வதே ஓர் ஆசிரியைதான், தன் குற்ற உணர்விலிருந்து சொல்கிறார். ஆசிரியர்கள் முதலில் வாசிக்க வேண்டிய புத்தகம் அது. இப்போதெல்லாம் வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆசிரியர் அறையில் இரண்டு பிரதி வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று என்னை அதைவிட உலுக்கியது. அந்தப் பையன் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கதையில் ஒரு பிள்ளை செய்ததை வகுப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளை செய்து பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. மறுநாள் ஒரு பாடவேளை முழுக்க அதைப் பேசினோம். ஆயிஷா யாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், நம் பள்ளியில் என்றால் யாரிடம் சொல்லலாம் என்று. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: கனமான பகுதி எதுவானாலும் மணி அடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது முடிந்துவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அந்தப் பகுதியை அன்றைக்குத் தொடவே மாட்டேன். நாவல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நெஞ்சு கனத்திருக்கும் பிள்ளைகளை அப்படியே பி.டி. வகுப்புக்கு அனுப்பக் கூடாது.

அதற்குப் பிறகு எந்த நாவலானாலும் வீட்டில் முதலில் வாய்விட்டு வாசித்துப் பார்க்க ஆரம்பித்தேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்கள். கண்ணால் வாசிக்கும்போது தாண்டிப் போய்விடும் வார்த்தை, வாயால் வாசிக்கும்போது நாக்கில் நின்றுகொள்ளும். ‘கூளமாதாரி’யை அப்படி வாசித்தபோதுதான், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வசவுகள் எத்தனை என்று தெரிந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. “பெயலுக அப்படித்தான பேசுவானுக” என்றார்கள்.

பதினோராம் வகுப்பில் வாசிக்கும்போது அப்படி ஒரு வார்த்தையைச் சத்தமில்லாமல் தாண்டினேன். முன் பெஞ்சில் பிரதி வைத்திருந்தவள் உடனே, “டீச்சர், ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க” என்றாள். வகுப்பே அந்தப் பக்கத்தைப் புரட்டியது. அந்த நாள் முழுக்க அவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நாவல். ஒளித்துவைத்தால் இப்படித்தான் ஆகும். இப்போது முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: “இதில் வசவு வரும். நான் சத்தமாக வாசிக்க மாட்டேன், நீங்கள் மனசுக்குள் வாசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் ஏன் அப்படித் திட்டுகிறான் என்று பிறகு பேசுவோம்.” பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அந்த நாவலால் எனக்குக் கிடைத்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். கூளையன் ஒரு பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பையன். கொங்கு நாட்டுப் பேச்சு, எங்கள் கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. எனக்கும்தான். நான் சொல்லுக்குப் பொருள் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “அது அப்படி இல்ல டீச்சர்” என்றான். இரண்டு வருடத்தில் அவன் வகுப்பில் வாய் திறந்ததே அன்றுதான். அவன் வீட்டில் கிடை ஆடு வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த நிலங்களில் கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போகிற குடும்பம். “வெயில் ஏறுனா செம்மறி ஒண்ணு வயித்துக்கடியில இன்னொண்ணு தலையை விட்டுக்கிட்டு மொத்தமா நின்னுரும் டீச்சர். அடிச்சாலும் நகராது. வெள்ளாடு அப்படி நிக்காது, அதுபாட்டுக்கு நிழல் தேடிப் போயிரும். ரெண்டையும் சேத்து ஒருத்தன் மேய்க்கிறது செரமம்.” சொல்லும்போது இரண்டு கையையும் குவித்து, ஆடுகள் தலை கவிழ்ந்து நிற்பதைக் காட்டினான். அடுத்த ஐந்து வாரமும் அந்த நாவலுக்கு அவன்தான் வாத்தியார். நான் பக்கத்தில் நின்று வாசித்துக் கொடுத்தேன்.

இந்த நாளுக்குப் பிறகு தேர்வு செய்யும்போது இலக்கியத் தரத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் வருகைப் பதிவேட்டைத் திறந்துவைத்து ஒவ்வொரு முகமாக யோசிக்கிறேன். இந்தக் கதை யாருடைய வீட்டுக் கதை? அது வகுப்பில் உரக்க வாசிக்கப்படும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காருமா, குறுகிப்போகுமா? கிடைக்காரப் பையன் நிமிர்ந்தான். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் நம்பியதுதான் ‘வெக்கை’யில் நான் செய்த தவறு.

‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் மறைந்து திரிகிறான். பூமணி எங்கள் கரிசல் மண்காரர். அந்தச் செடிகொடி, ஓடை, பாறை எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. அதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படத்தையும் 2019இலேயே பார்த்துவிட்டார்கள். படத்தில் அப்பாதான் மையம், நாவலில் பையன். இதைவிடப் பொருத்தமான புத்தகம் உண்டா என்று நினைத்துப் பதினோராம் வகுப்புக்கு எடுத்துப்போனேன்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் வந்த முதல் கேள்வி: “டீச்சர், இவங்க எந்த ஆளுக?”

பூமணி சாதியைப் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. அதுதான் அந்த நாவலின் பெரிய பலம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் அது ஒரு விடுகதை ஆகிவிட்டது. “அது தேவையில்லாத கேள்வி, கவனிங்க” என்று சொல்லி மேலே போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பிரதிகளைத் திரும்ப வாங்கிச் சரிபார்த்தபோது, ஒன்றில் சிதம்பரத்தின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சாதிப் பெயர் எழுதியிருந்தது. அதை யாரோ அழுத்தி அழித்துவிட்டு வேறொன்றை எழுதியிருந்தார்கள். அதையும் அழித்து மூன்றாவது ஒன்று. தாள் அந்த இடத்தில் நைந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. நான் அடக்கிய கேள்வி எனக்குத் தெரியாமல் பெஞ்சுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் கயிறுகளை வகுப்பில் தினம் பார்த்துக்கொண்டுதான் நான் ‘வெக்கை’ வாசித்தேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, “அந்தப் புக்கை விட்ருங்க டீச்சர். ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார். அவர் பயம் நியாயமானது. ஆனால் அருவாளைத் தூக்கினால் என்ன ஆகும், ஒரு வீடு எப்படிச் சிதறும் என்பதை இந்த அளவுக்கு உள்ளே போய்ச் சொல்லும் புத்தகத்தை, அதை வாசிக்க வேண்டிய பிள்ளைகளிடமிருந்தே எடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாற்பது பேருக்குச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தினேன். பன்னிரண்டாம் வகுப்பில் விருப்பப்பட்ட ஆறு பேர், எல்லாத் தெருவிலிருந்தும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பள்ளி விட்டபின் வேப்பமரத்தடியில் வாரம் ஒருநாள். இந்தமுறை அந்தக் கேள்வியை நானே முதலில் கேட்டேன்: “எந்த ஆளுகன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணுதுல்ல? ஏன் தோணுது?” கொலையிலிருந்து ஆரம்பிக்கவும் இல்லை. அப்பாவும் மகனும் காட்டுக்குள் ஆக்கித் தின்று, மலையேறி, படுத்துப் பேசிக்கொண்டு திரியும் பக்கங்களிலிருந்து ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் ஒரு மாணவி, “இவங்க ரெண்டு பேரும் காட்டுல இருக்காங்க. அந்த அம்மாவும் தங்கச்சியும் எங்க டீச்சர் தூங்குவாங்க?” என்று கேட்டாள். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். போன வருடம் பென்சிலில் ஓடிய கேள்வி இந்தமுறை எழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்தது. ஆனால் ஆறு பேர் முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அதை வாயால் கேட்க முடிந்தது, பதில் சொல்லவும் முடிந்தது.

ஆகவே ஒரு நாவல் “பள்ளிக்கு ஏற்றதா” என்ற கேள்வியையே நான் இப்போது கேட்பதில்லை. நாற்பது பேரும் சேர்ந்து கேட்க ஏற்றதா, சின்னக் கூட்டமாக உட்கார ஏற்றதா, ஒரு பிள்ளையின் கையில் மட்டும் கொடுக்க ஏற்றதா என்றுதான் கேட்கிறேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ எனக்கு உயிரான நாவல். செகந்திராபாதில் 1948ஐ ஒட்டிய கலவரத்துக்கு நடுவே கல்லூரியில் படிக்கும் பையனின் கதை. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு இளம்பெண் தன் ஆடையைக் களையும் அதன் கடைசிக் காட்சியை வகுப்பில் உரக்க வாசிக்க என்னால் முடியாது. முப்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தப் பெண்ணின் அவமானம் வேறு ஏதோவாக மாறிவிடும். தனியாக வாசிப்பவர் அதில் தப்பாமல் மாட்டிக்கொள்வார். பன்னிரண்டாம் வகுப்பில் வருடத்துக்கு ஒருவர் இருவர் கையில் கொடுக்கிறேன். அதற்கு அதுவே சரி. ‘ஆதனின் பொம்மை’ இதற்கு நேர்மாறு, கீழடியை வைத்து எழுதிய கதை. எட்டாம் வகுப்பில் கூட்டமாக வாசித்தால்தான் களைகட்டும்.

‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றி எழுதத் தயக்கம் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு சிறுமிக்கு நடக்கும் பாலியல் சீண்டலையும், அவளோடு பேசும் மரப்பாச்சிப் பொம்மையையும் வைத்துக் குழந்தைகளுக்குப் புரியும்படி சொல்லும் நாவல். எட்டாம் வகுப்பில் வாசித்தோம். பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்டார்கள், நன்றாகப் போனது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து மதிய உணவு நேரத்தில் ஒரு மாணவி பாடப்புத்தகத்தைத் திறந்துகொண்டு வந்தாள். அதில் அச்சிட்டிருந்த 1098 என்ற சிறார் உதவி எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “டீச்சர், இதுக்குப் போன் பண்ணா அவங்க வீட்டுக்கு வந்துருவாங்களா?” என்று கேட்டாள்.

அவள் சொன்னதை எழுதப்போவதில்லை. நான் செய்த தவறை மட்டும் எழுதுகிறேன். “யார்கிட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர்” என்றாள். நான் “சொல்ல மாட்டேம்மா” என்றேன். அந்தக் கணத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை. ஆனால் அது கொடுக்கக் கூடாத வாக்கு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே 21ஆம் பிரிவின்கீழ் குற்றம். மறுநாள் நான் அவளிடம் போய், “நேத்து சொன்ன வார்த்தையை என்னால காப்பாத்த முடியாதும்மா” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நடவடிக்கை எடுக்கப்பட்டது, அவள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறாள். என்னோடு சரியாகப் பேச அவளுக்கு ஏழெட்டு மாதம் ஆனது.

இந்த மாதிரி நாவலை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். வாசிப்பதற்கு முன்னாலேயே, ஒரு பிள்ளை வந்து சொன்னால் நான் சொல்லப்போகும் முதல் வாக்கியம் என்ன என்று எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். என்னுடையது இப்போது இது: “நீ சொன்னது சரியான காரியம். உன்மேல ஒரு தப்பும் இல்ல. உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் நான் சொல்லுவேன்.” அதற்குமேல் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. எழுதிக் கொடு என்று சொல்லவே கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் கேட்பார்கள். ஆசிரியர் அறையில் அந்தப் பெயர் அடிபடவும் கூடாது. சிறார் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் வாசிப்பு தொடங்கும் நாளிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். புத்தகம் முடியும்வரை அழிப்பதில்லை.

பெற்றோர் விஷயம். யாரோ ஒருவர் “என்னமோ கொலைக் கதையெல்லாம் சொல்லித் தர்றாங்களாமே” என்று புகார் கொண்டுவந்த பிறகு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாவலின் கதைச்சுருக்கத்தைச் சொன்னேன். இன்னும் மோசமாகிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் எந்த நாவலும் பயமுறுத்தும், நம் இதிகாசங்கள் உட்பட. அடுத்த கூட்டத்தில் சுருக்கம் சொல்லாமல், புத்தகத்தை எடுத்துப் பத்து நிமிடம் வாசித்தேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேராக வந்திருந்த ஒரு அம்மா, விரல்களில் மருந்து ஒட்டிய கையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், கூட்டம் முடிந்ததும் “மிச்சத்தை எம்புள்ளைட்ட குடுத்து விடுங்க டீச்சர், அவ வாசிச்சுக் காட்டுவா” என்றார். வேண்டாம் என்ற பெற்றோரும் உண்டு. அவர்கள் பிள்ளைக்கு அந்தப் பாடவேளையில் வேறு புத்தகம் கொடுக்கிறேன். அதைத் தண்டனைபோல் தோன்றாதபடி செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

மற்றபடி சில நடைமுறைகள். நாற்பத்தைந்து நிமிடத்தில் பேச்சுக்கும் இடம்விட்டு வாசித்தால் பன்னிரண்டு பக்கம் போகும். தேர்வு, விழா, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் வருடத்துக்குப் பதினெட்டு இருபது நூலகப் பாடவேளைதான் எனக்குத் தேறுகிறது. ஆகவே முந்நூறு பக்க நாவலை வகுப்புக்கு முழுசாக எடுத்தால் முடியவே முடியாது. முடியாத நாவல் பிள்ளைகளுக்கு வாசிப்பின்மேலேயே சலிப்பை உண்டாக்கும். பெரிய நாவலென்றால் ஒரு பகுதியை வாசித்துவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி விரிவானமாக இருக்கிறது. அதை நடத்திய கையோடு நாவலை மேசைமேல் வைத்தால் ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு பேர் எடுத்துப்போகிறார்கள். வினாவிடை, மதிப்பெண் எதுவும் வைக்காதீர்கள். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில்தான் பாதிப் பள்ளிகளில் பீரோ பூட்டியே கிடக்கிறது. எனக்கு வருடத்துக்கு நான்கைந்து தொலைகிறது, என் கைக்காசில் வாங்கி வைத்துவிடுகிறேன்.

இந்த வருடப் பட்டியலைப் போன வாரம் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். அவள் அண்ணன் ஒரு வெட்டு வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறான். ஊருக்கே தெரியும், வகுப்பில் யாரும் அதைப் பேசுவதில்லை. வேப்பமரத்தடிக்கு வேறு நாவல் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ‘வெக்கை’ பீரோவில் மேல் தட்டில், முதுகு தெரியும்படி நிற்கிறது. நேற்று புத்தகம் எடுக்க வந்தவள் அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேறொன்றை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவளாக வந்து கேட்டால் கொடுப்பேன்.